உழவு யந்திரத்தின் குளிர்நீரில் அடைபட்ட காற்றை அகற்றுதல்

டீசல் செல்லும் குழாயிற் காற்றுப் புகுந்துவிட்டால் உழவு யந்திரம் நின்றுவிடும். இதனை அறியாத கமக்காரர் இலர். தாங்கி வெறுமையாகிய பின் மீண்டும் டீசல் ஊற்றும்போது, வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பியை அழுத்தி, நுரை நீங்கித் தெளிந்த டீசல் வரும்வரை காற்றை வெளியேற்றுதல் எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கமாகும். அதனைச் செய்யாவிடின் யந்திரம் இயங்காது. ஆதலால் எவரும் அவ்வேலையை மறப்பதில்லை.

அதே எஞ்சினைக் குளிர்விக்கும் நீரிற் காற்று அடைபட்டால் நிகழ்வது வேறு. யந்திரம் நிற்பதில்லை. வழமை போலவே புறப்படும், உழும், பெட்டியும் இழுக்கும். எஞ்சினின் உள்ளே மாத்திரம், நீர் தொடவேண்டிய ஓரிடத்தை நீர் தொடாதிருக்கும். அவ்விடத்து இரும்பு அளவு கடந்து சூடேறி, வளைந்தோ வெடித்தோ போன பின்னரே யந்திரம் தன் குறையை வெளிக்காட்டும். டீசலிற் புகுந்த காற்று ஒரு மணி நேர வேலையைக் கெடுக்கும். குளிர்நீரிற் புகுந்த காற்று ஒரு போகத்தையே கெடுக்கக்கூடும்.

இத்தீங்கு பெரும்பாலும் பின்வருமாறே நேர்கின்றது. காலபோக உழவு மும்முரமாக நடைபெறும் நாளில் றேடியேற்றரின் இறப்பர்க் குழாய் வெடித்து நீர் முழுவதும் வெளியேறுகின்றது. வயலிலேயே புதுக் குழாய் மாட்டப்படுகின்றது. அயலவர் யந்திரத்துக்குக் காத்திருப்பதனால், ஒரு வாளி நீரை விரைவாக ஊற்றி, வாய்வரை நிரம்பியது கண்டு மூடியை இட்டு, மீண்டும் உழவு தொடங்குகின்றது. நீர் நிரம்பியது போலத் தோன்றினும் எஞ்சினுள்ளே இரண்டொரு லீற்றர் காற்று எஞ்சி நிற்கின்றது. மாலையில் யந்திரத்தின் வலு குறைகின்றது. மறுநாட் காலையிற் குளிர்நீர் எண்ணெயுடன் கலந்து காணப்படுகின்றது. குளத்து நீர் திறந்துவிடப்படும் நாட்களோ எண்ணி வைக்கப்பட்டவை. யந்திரம் திருத்தகத்தில் நிற்க, நீர் வாய்க்காலில் ஓடிக் கழிந்துவிடும்.

அரை மணி நேரப் பொறுமை இவ்வளவையும் தடுக்கும். அதற்கான முறை இத்துண்டுப் பிரசுரத்தில் விளக்கப்படுகின்றது.

குளிர்நீர் ஓடும் வழி

எஞ்சினில் எரியும் டீசல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே சில்லைச் சுழற்றும் வேலையாக மாறுகின்றது. எஞ்சியதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே போகின்றது. மற்றொரு பெரும்பகுதியைக் குளிர்நீரே சுமந்து சென்று வெளியேற்றல் வேண்டும்.

றேடியேற்றரின் அடியிலுள்ள நீரை, எஞ்சினின் முன்புறத்திலுள்ள சிறிய நீர்ப்பம்பி கீழ் இறப்பர்க் குழாயின் வழியே இழுத்து, சிலிண்டர்களைச் சூழ்ந்துள்ள நீரறைகளுட் செலுத்துகின்றது. அங்கிருந்து நீர் மேலேறி, மெக்கானிக்குமார் 'ஹெட்' என வழங்கும் தலைப்பகுதியை அடைந்து, வால்வுகளைச் சூழ ஓடி, மேல் இறப்பர்க் குழாயின் வழியே றேடியேற்றரின் உச்சிக்குச் செல்கின்றது. அங்கு நுண்ணிய குழாய்களின் வழியே இறங்கும்போது விசிறி இழுக்கும் காற்றினாற் குளிர்ந்து, மீண்டும் அடியை அடைகின்றது.

தலைப்பகுதியிலிருந்து நீர் வெளியேறும் வாயிலில் தேர்மோஸ்ரற் என்னும் சிறு கதவு ஒன்று உளது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இது மூடியிருக்கும். பல டீசல் எஞ்சின்களில் நீர் ஏறத்தாழ 80 பாகை செல்சியசை அடையும்போது இது திறக்கத் தொடங்கும். குளிர்ந்த எஞ்சினுக்கு நீர் ஊற்றும்போது இக்கதவு மூடியிருப்பதே, அதன் கீழே காற்றுச் சிறைப்படுவதற்கு முதற் காரணமாகும். சில தேர்மோஸ்ரற்றுகளின் தட்டிற் சிறு துளையும் அதில் ஆடும் ஊசியும் அமைந்திருக்கும். அவை காற்று வெளியேறுவதற்காகவே வைக்கப்பட்டவை. தேர்மோஸ்ரற்றைப் பூட்டும்போது இத்துளை மேற்பக்கமாக இருத்தல் வேண்டும்.

காற்றினால் விளையும் கேடு

ஒரு லீற்றர் நீர் ஒரு பாகை சூடேறும்போது ஏற்கும் வெப்பத்தை ஏற்பதற்கு 3,000 லீற்றருக்கும் மேற்பட்ட காற்று வேண்டும். மேலும், வெப்பத்தைக் கடத்தும் ஆற்றலிற் காற்றானது நீரின் இருபதிலொரு பங்குக்கும் குறைந்தது. ஆகவே நீர் இருக்கவேண்டிய இடத்திற் காற்று இருப்பதாயின், அவ்விடத்தைக் குளிர்விக்க ஒன்றும் இல்லை என்றே கொள்ளல் வேண்டும்.

காற்று எப்போதும் உயர்ந்த இடத்தையே நாடும். எஞ்சினுள் உயர்ந்த நீரறை தலைப்பகுதியிலுள்ளது. மிகுந்த வெப்பம் ஏறுவதும் அத்தலைப்பகுதியில், புகை வெளியேறும் வால்வுகளைச் சூழ்ந்த இடத்திலாகும். மிகுந்த குளிர்ச்சி வேண்டிய இடத்திலேயே காற்றுச் சென்று தங்குவதுதான் இதிலுள்ள பெருங்கேடு. அவ்விடத்தைத் தொடும் சிறிதளவு நீரும் கொதித்து ஆவியாகிக் குமிழியை மேலும் பெருக்கும். ஈற்றில் தலைப்பகுதி வளையும். அதன் கீழுள்ள கஸ்கற் எரியும். வால்வுகளுக்கிடையே இரும்பு வெடிக்கும். சிலவேளைகளிற் பிஸ்ரன் சிலிண்டருடன் இறுகிவிடும்.

காற்று நீர்ப்பம்பியை அடைந்தால் தீங்கு இன்னும் விரைவாக வரும். கிணற்றிலிருந்து தோட்டத்துக்கு நீரிறைப்போர் இதனை எளிதில் உணர்வர். இறைக்கும் பம்பியின் உறிஞ்சு குழாயிற் காற்று இருந்தால், யந்திரம் எவ்வளவு விரைவாக ஓடினும் நீர் மேலேறாது. அதனாலேயே முதலிற் குழாயை நீரினால் நிரப்பிய பின் பம்பியை இயக்குகின்றனர். எஞ்சினின் நீர்ப்பம்பியும் அதே இனத்ததாகிய மையநீக்கப் பம்பியே. அதன் சக்கரம் காற்றினுட் சுழலுமாயின் நீரோட்டம் முற்றாக நின்றுவிடும்.

காற்றுப் புகும் வழிகள்

குளிர்நீரை வடித்து மீண்டும் நிரப்பும்போதும், இறப்பர்க் குழாய், நீர்ப்பம்பி, தேர்மோஸ்ரற், றேடியேற்றர் ஆகியவற்றுள் ஒன்றைக் கழற்றிப் பூட்டும்போதும் காற்றுப் புகுதல் இயல்பு. நீரை விரைவாக ஊற்றினால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி அகப்படும்.

இவை தவிர, நாட்பட வெடித்த கீழ் இறப்பர்க் குழாய், தளர்ந்த இறுக்கு வளையம், தேய்ந்த பம்பி சீல் என்பவற்றின் ஊடாகவும் காற்று உறிஞ்சப்படும். நீர் மட்டம் குறைந்தபடியே நெடுநாள் ஓட்டினாலும் பம்பி காற்றைக் கலந்து இழுக்கும். தலைப்பகுதியின் கஸ்கற் எரிந்திருந்தால் சிலிண்டரிலுள்ள புகை நேராகவே குளிர்நீருட் புகும்.

அறிகுறிகள்

1. நீர் நிரப்பிய பின் முதல் ஓட்டத்திலேயே றேடியேற்றரின் நீர் மட்டம் சடுதியாகக் குறைதல்.

2. எஞ்சின் இயங்கும்போது களகளவென நீர் குமுறும் ஓசை கேட்டல்.

3. எஞ்சின் நன்கு சூடேறிய பின்னரும் மேல் இறப்பர்க் குழாய் குளிர்ந்திருத்தல், அல்லது றேடியேற்றரின் ஒரு பகுதி சூடாகவும் மறுபகுதி குளிராகவும் இருத்தல்.

4. வெப்பங்காட்டியின் முள் ஏறுவதும் இறங்குவதுமாக அலைதல்.

வெப்பங்காட்டியைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அதன் உணரி நீரில் அமிழ்ந்திருக்கும்போதே உண்மையைக் காட்டும். காற்றுக் குமிழி ஒன்றினுள் அது அகப்பட்டிருந்தால், எஞ்சின் எரியுமளவுக்குச் சூடேறியிருப்பினும் முள் கீழேயே நிற்கக்கூடும். நீர் மாற்றிய நாளில் வெப்பங்காட்டியை மாத்திரம் நம்பி வேலை செய்தல் தகாது.

சூடான மூடியைத் திறத்தல் ஆகாது

காற்றை அகற்றும் முறையைக் கூறுமுன் இதனைக் கூறுதல் வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறந்து முகமும் மார்பும் வெந்தவர் பலர்.

மூடி நீரை வெறுமனே மூடி வைப்பதன்று, அமுக்கத்தில் வைத்திருக்கின்றது. வளிமண்டல அமுக்கத்தின் அரைப் பங்கு மேலதிகமாக இருந்தால், நீர் 100 பாகையிற் கொதிக்காது ஏறத்தாழ 111 பாகையிலேயே கொதிக்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அமுக்கம் நீங்கி நீர் ஒரு கணத்திற் கொதித்துப் பொங்கும். ஒரு லீற்றர் நீர் ஆவியாகுமிடத்து 1,600 லீற்றருக்கும் மேற்பட்ட இடத்தைக் கொள்ளும். அதன் ஒரு சிறு பங்கே ஒருவரின் கண்ணைக் கெடுக்கப் போதியது.

ஆகவே எஞ்சினை நிறுத்திக் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஆறவிடல் வேண்டும். மேல் இறப்பர்க் குழாயை வெறுங்கையாற் பிடித்து வைத்திருக்க இயலுமாயின், அப்போதே மூடியைத் தொடலாம். தடித்த ஈரச் சாக்கினால் மூடியைப் பொத்தி, முகத்தை ஒருபுறம் திருப்பி நின்று, முதற் படி வரை மாத்திரம் திருகல் வேண்டும். சீறும் ஓசை முற்றாக அடங்கிய பின்னரே முழுவதும் கழற்றலாம்.

தவறி எவருக்கேனும் வெந்துவிட்டால், வெந்த இடத்தின் மேல் சுத்தமான குளிர்ந்த நீரை 20 நிமிடங்கள் ஓடவிட்டு, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். எண்ணெய், பற்பசை முதலியவற்றைப் பூசுதல் கூடாது.

காற்றை அகற்றும் முறை

இது எஞ்சின் நன்கு குளிர்ந்திருக்கும்போது, அதிகாலையிற் செய்தற்குரியது. மூடிய கொட்டிலினுட் செய்யாது, புகை வெளியேறக்கூடிய திறந்த இடத்திற் செய்தல் வேண்டும். யந்திரத்தின் கையேடு வேறு முறையைக் கூறுமாயின் அதனையே பின்பற்றல் வேண்டும்.

1. உழவு யந்திரத்தை முன்சில்லுகள் சற்று உயர்ந்திருக்குமாறு மேடான இடத்தில் நிறுத்துக. றேடியேற்றரின் வாய், நீர் செல்லும் வழி முழுவதிலும் உயர்ந்த இடமாக அமைதல் இதன் நோக்கமாகும். தடுப்பை இறுக்கி, பின்சில்லுகளுக்குக் கட்டை வைக்க.

2. பழைய நீரை வடிப்பதாயின் அதனை ஓர் ஏனத்தில் ஏந்தி அளந்து வைக்க. பல எஞ்சின்களில் வடிதிருகுகள் இரண்டு உள்ளன: ஒன்று றேடியேற்றரின் அடியில், மற்றது எஞ்சினின் பக்கத்தில். நீர் வடிந்த பின் இரண்டையும் மூடுக.

3. தலைப்பகுதியிலோ தேர்மோஸ்ரற் உறையின் மேலோ காற்றுத் திருகு இருப்பின் அதனைத் தளர்த்துக. அத்தகைய திருகு இல்லாத எஞ்சின்களில், மேல் இறப்பர்க் குழாயின் எஞ்சின் பக்கத்து இறுக்கு வளையத்தைச் சிறிது தளர்த்திக் காற்றுக்கு வழிவிடலாம்.

4. புனல் ஒன்றினால், விரலளவு பருமனான தாரையாக நீரை மெதுவாக ஊற்றுக. வாளியைக் கவிழ்த்தல் கூடாது. இரண்டொரு லீற்றருக்கு ஒரு முறை நிறுத்தி, குமிழிகள் மேலெழுந்து அடங்கும்வரை காத்திருக்க.

5. மேல், கீழ் இறப்பர்க் குழாய்களைக் கையாற் பத்துப் பதினைந்து முறை அமுக்கி விடுக. ஒவ்வோர் அமுக்கத்துக்கும் குமிழிகள் வாயில் வெளிப்படும். நீர் மட்டமும் இறங்கும். இறங்கிய அளவுக்கு மீண்டும் ஊற்றுக.

6. காற்றுத் திருகின் வழியே குமிழியற்ற நீர் தொடர்ச்சியாக வரும்போது அதனை இறுக்குக. குழாய் தளர்த்தப்பட்டிருப்பின் அதனையும் இறுக்குக.

7. இதுவரை சென்ற நீரை, வடித்து அளந்த நீருடன் ஒப்பிடுக. 10 லீற்றர் வடிக்கப்பட்டிருக்க 8 லீற்றரே உட்சென்றதாயின், எஞ்சிய 2 லீற்றர் இடத்திற் காற்றே இருக்கின்றது. இதனிலும் எளிய சோதனை வேறில்லை. நீர் சிந்திப் போய் வடித்த அளவு தெரியாவிடிற் கையேட்டிற் கூறப்பட்ட கொள்ளளவைக் கொண்டு ஒப்பிடலாம்.

8. மூடியை இடாமலே எஞ்சினை இயக்கி, மெதுவாக ஓடவிடுக. சாரத்தை மடித்துக் கட்டி, சால்வையைக் களைந்துவிடல் வேண்டும். துணியின் நுனி விசிறியிலோ வாரிலோ அகப்பட்டால் உயிருக்கே ஆபத்தாகும். குழந்தைகளை அருகில் விடுதல் கூடாது. றேடியேற்றரின் வாய்க்கு நேரே முகத்தைக் குனிதலும் ஆகாது.

9. நீர் சூடேறும்போது குமிழிகள் தோன்றும். தேர்மோஸ்ரற் திறக்கும் வேளையில் மேல் இறப்பர்க் குழாய் விரைவாகச் சூடேறுவதுடன், நீர் மட்டம் திடீரெனக் கீழிறங்கும். சிறைப்பட்ட காற்று வெளியேறுவதற்கு அடையாளம் இதுவே. இதற்கு 10 முதல் 20 நிமிடங்கள் வரை செல்லலாம். பலர் இதற்கு முன்னரே மூடியை இட்டு வேலைக்குச் சென்றுவிடுவதனாலேயே கேடு விளைகின்றது.

10. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, குறைந்த நீரைச் சிறிது சிறிதாக ஊற்றுக. பின் எஞ்சினின் வேகத்தைச் சிறிது கூட்டிக் குறைக்க. குமிழிகள் முற்றாக நின்று, நீர் மட்டம் நிலைபெறும்வரை இவ்வாறு செய்க.

11. நீர் வாயின் விளிம்புக்கு ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் கீழே நிற்கத்தக்கதாக விட்டு, மூடியை இட்டு எஞ்சினை நிறுத்துக. நீர் சூடேறும்போது விரிவதற்கு அவ்விடம் வேண்டும். மேலதிக நீர்ப் போத்தல் பூட்டப்பட்ட யந்திரங்களில் றேடியேற்றரை வாய்வரை நிரப்பி, போத்தலில் குறியிடப்பட்ட மட்டம் வரை நீர் விடுக.

12. எஞ்சின் முற்றாக ஆறிய பின் நீர் மட்டத்தை மீண்டும் பார்க்க. முதல் நாள் வேலைக்குப் பின் மறுநாட் காலையிலும் பார்க்க. எஞ்சியிருந்த சிறு குமிழிகள் முதல் நாள் ஓட்டத்தில் ஒன்றுசேர்ந்து வெளிவருவதனால் நீர் சிறிது குறைந்திருத்தல் இயல்பு. இரண்டாம் நாளுக்குப் பின்னரும் குறையுமாயின் வேறு காரணத்தை ஆராய்தல் வேண்டும்.

நீர் எத்தகையதாய் இருத்தல் வேண்டும்

சேறு கலந்த வாய்க்கால் நீரை ஊற்றினால் றேடியேற்றரின் நுண்குழாய்கள் அடைபடும். கடலை அடுத்த கிணறுகளின் உவர்நீர் உலோகத்தை அரிக்கும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணக்கற் பாறையிலிருந்து ஊறும் கிணற்று நீர் வன்னீராகும். கேத்திலின் உள்ளே வெள்ளை நிறமாகப் படியும் பொருளே எஞ்சினின் நீரறைகளிலும் படிந்து, காற்றைப் போலவே வெப்பத்தைத் தடுக்கும். சுத்தமான பாத்திரத்தில் ஏந்தி வடித்த மழைநீர் இவற்றினும் மேலானது.

துருவைத் தடுக்கும் குளிர்திரவத்தைச் சேர்த்தல் இன்னும் நன்று. நீரும் எதிலீன் கிளைக்கோலும் சம அளவிற் கலந்த கலவை, நீரினும் சில பாகை கூடிய வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஆனால் அது நஞ்சு, இனிப்புச் சுவையுடையது. சிறுவர்களும் கன்றுகாலிகளும் நாய்களும் அதனைக் குடித்து இறக்க நேரும். வடித்த திரவத்தை வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றுதல் பெருங்குற்றமாகும். வெவ்வேறு வகைத் திரவங்களை ஒன்றாகக் கலத்தலும் கூடாது.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் மற்றுமொன்றைக் கவனித்தல் வேண்டும். உயரம் கூடக் கூட நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், திறந்த பாத்திரத்திலுள்ள நீர் ஏறத்தாழ 94 பாகையிற் கொதித்துவிடும். ஆகையால் அங்கு றேடியேற்றர் மூடியின் இறப்பர் வளையமும் சுருள்வில்லும் பழுதற்றிருத்தல் மிக அவசியம். மூடி அமுக்கத்தைத் தாங்காவிடின் நீர் விரைவிற் கொதித்து, ஆவியே குமிழியாகத் தங்கும்.

இரு சில்லு உழவு யந்திரங்கள்

ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் பூட்டிய இரு சில்லு யந்திரங்களிற் பல, றேடியேற்றருக்குப் பதிலாகத் திறந்த நீர்த்தொட்டி உடையன. அவற்றில் தேர்மோஸ்ரற்றும் நீர்ப்பம்பியும் இல்லை. நீர் கொதித்து ஆவியாகச் செல்வதனாலேயே எஞ்சின் குளிர்கின்றது. ஆதலால் தொட்டியில் நீர் கொதித்தல் குறையன்று. நீர் குறைவதே குறை. தொட்டியை மெதுவாக நிரப்பி, யந்திரத்தைக் கைப்பிடியாற் சற்று அசைத்துவிட்டால் சிலிண்டரைச் சூழ்ந்த காற்று வெளியேறும். மட்டங்காட்டும் மிதவை கீழிறங்குமுன் நீர் சேர்த்தல் வேண்டும். றேடியேற்றர் பூட்டிய இரு சில்லு யந்திரங்களுக்கு மேற்கூறிய முறை பொருந்தும்.

வேலையின் இடையே எஞ்சின் சூடேறினால்

உடனே உழவை நிறுத்திப் பாரத்தை நீக்குக. நீர் வெளியேறாதிருப்பின் எஞ்சினைச் சில நிமிடங்கள் மெதுவாக ஓடவிடலாம். விசிறி அதனைக் குளிர்விக்கும். நீர் வெளியேறிவிட்டதாயின் உடனே நிறுத்துக. கொதிக்கும் எஞ்சின் மீது குளிர்ந்த நீரை வீசுதலும், நீர் வற்றிச் சூடேறிய எஞ்சினுள் வாய்க்கால் நீரை ஊற்றுதலும் இரும்பை வெடிக்கச் செய்யும். ஆறிய பின், குழாய் கசிகின்றதா, விசிறி வார் தளர்ந்துள்ளதா, றேடியேற்றரின் முகத்தில் வைக்கோலும் பதரும் அடைந்துள்ளனவா என்பவற்றைப் பார்த்து, பின் மேற்கூறியவாறு நீர் நிரப்பிக் காற்றை அகற்றுக. சேற்றுழவிலும் களத்து வேலையிலும் றேடியேற்றரின் முகம் விரைவில் அடைபடுவதனால் நாள்தோறும் அதனைத் துப்புரவு செய்தல் வேண்டும்.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிதல் தகாது

எஞ்சின் சூடேறும்போது தேர்மோஸ்ரற்றை முற்றாகக் கழற்றிவிடுவோர் உளர். காற்று அடைபடுவது குறையலாம். ஆனால் வேறு கேடுகள் வரும். எஞ்சின் எந்நேரமும் தேவையினும் குளிர்ந்தே ஓடும். டீசல் நன்கு எரியாது வீணாகும். எரியாத டீசல் எண்ணெயுடன் கலந்து அதனை இளக்கும். சிலிண்டர் விரைவிற் தேயும். சில எஞ்சின்களில் நீர் றேடியேற்றருக்குச் செல்லாமலே பக்க வழியாற் சுற்றி வருவதனால், சூடு முன்னிலும் கூடுவதுமுண்டு. பழுதான தேர்மோஸ்ரற்றுக்குப் பதிலாகப் புதியதைப் பூட்டுவதே முறையாகும்.

காற்று மீண்டும் மீண்டும் வருமாயின்

இருமுறை ஒழுங்காகக் காற்றை அகற்றிய பின்னரும் குமிழிகள் நிற்காவிடின், அது நீர் ஊற்றியபோது அகப்பட்ட காற்றன்று. கீழ் இறப்பர்க் குழாய், இறுக்கு வளையங்கள், பம்பி சீல் ஆகியவற்றை முதலிற் பார்க்க. அவை குறையற்றிருப்பின், எஞ்சின் வேகத்தைக் கூட்டும்போது குமிழிகளும் கூடுகின்றனவா எனக் கவனிக்க. கூடுவதுடன், எண்ணெய் பாற்றேநீரின் நிறமடைந்திருந்தாலோ, புகைக்குழாயில் வெண்புகை தொடர்ந்து வந்தாலோ, தலைப்பகுதியின் கஸ்கற் பழுதடைந்திருத்தல் பெரும்பாலும் உறுதி. இந்நிலையிற் காற்றை அகற்றுவதாற் பயனில்லை. எஞ்சினை மேலும் இயக்காது, தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் காட்டுதல் வேண்டும். கஸ்கற் ஒன்றின் விலையோடு முடியும் செலவு, பொறுமையின்மையால் எஞ்சினின் விலையாகப் பெருகிவிடலாம்.

நினைவிற் கொள்ளத்தக்கவை

வாய்வரை நீர் தெரிவதனால் எஞ்சின் நிரம்பியதாகாது. வடித்த அளவு நீர் மீண்டும் உட்சென்றதா என அளந்து பார்க்க.

மெதுவாக ஊற்றுக, குழாய்களை அமுக்குக, தேர்மோஸ்ரற் திறக்கும்வரை காத்திருக்க.

நீர் மாற்றிய நாளில் வெப்பங்காட்டியை மாத்திரம் நம்பாதொழிக. மேல் இறப்பர்க் குழாயின் சூட்டையும் அறிக.

சூடான மூடியைத் திறவாதிருக்க.

நீர் மாற்றுதலை விதைப்புக் காலத்தின் அவசரத்திற்கு விடாது, போகம் தொடங்குமுன் ஓய்வான ஒரு நாளிற் செய்துகொள்க. பழைய இறப்பர்க் குழாய்களையும் அந்நாளிலேயே மாற்றிவிட்டால், வயலின் நடுவே அவை வெடிப்பதற்கு இடமிராது. மேலதிக விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகிக் கேட்டறியலாம்.